ஒரு நாள், ஒரு வாவி, ஒரு மேடு

எங்கள் குடும்பத்தில் 'ட்ரிப்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் சிறுவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். உம்மா மட்டும் பெருமூச்சு விடுவார். அதன் காரணம் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

பயணத்துக்கு முதல் நாள் இரவு உம்மா தூங்குவதே இல்லை. கோழி பொரிக்க வேண்டும். சோறு ஆக்க வேண்டும். சம்பல் அரைக்க வேண்டும். பிளாஸ்கில் தேநீர் ஊற்ற வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு வேன் வாசலில் வந்து நிற்கும். மாவனல்லையிலிருந்து நுவரெலியாவுக்குப் போய் விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஹக்கலைப் பூங்கா, அம்பேவளைப் பண்ணை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இறங்குவோம், படம் எடுப்போம், ஏறுவோம். வளைவுப் பாதையில் சிறியவர்கள் வாந்தி எடுப்பார்கள். நள்ளிரவில் வீடு வந்து சேர்வோம். அந்தப் பயணங்களின் படங்களை ஒருநாள் வரிசையாகப் பார்த்தேன். ஒன்றிலும் உம்மா இல்லை. "நீங்க போய்ட்டு வாங்க மகள், நான் சாமான்களப் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அவர் வேனருகிலேயே இருந்துவிட்டிருக்கிறார்.

இந்தப் பழக்கத்தை நாங்கள் மாற்றியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்னர், பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், உறவினர்களுடன் ஒரு குளத்தடிக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் பத்துப் பேர் கரையில் இருந்தோம். அப்போது ஐந்து வயதான என் தம்பி குளக்கட்டின் பாசி படிந்த கல்லில் கால் வைத்தான். வழுக்கித் தண்ணீருக்குள் போனான். சத்தமே கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியாத ஒரு பெரியவர்தான் ஓடி வந்து அவனுடைய சட்டையைப் பிடித்துத் தூக்கினார். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு வாப்பா சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது. "பத்துப் பேர் இருந்தோம். ஒவ்வொருத்தரும் மத்த ஒன்பது பேர்ல யாரோ பாத்துக்கிறாங்கன்னு நினைச்சோம்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டானது. ஒரு நாளுக்கு ஒரு வாவி, ஒரு மேடு. அதற்கு மேல் இல்லை. வீட்டில் ஆகச் சிறிய பிள்ளையின் கால்களுக்கு ஏற்றபடிதான் திட்டம். இவ்வாறு ஐந்தாறு பயணங்கள் போய் வந்த அனுபவத்தையும், புவியியல் பாடத்தில் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இடத்தைத் தெரிவு செய்தல்

சிறு பிள்ளைகளோடு போகும் இடத்துக்கு நான்கு தகுதிகள் வேண்டும். வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சேரக்கூடியதாக இருக்க வேண்டும். நடையைப் பாதியில் நிறுத்தித் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். கழிவறையும் தொழுவதற்கு இடமும் அருகில் இருக்க வேண்டும். மழை வந்தால் ஒதுங்குவதற்குக் கூரை வேண்டும். அழகு ஐந்தாவதுதான். நம் நாட்டில் அழகில்லாத இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

எங்களுக்கு முதலில் அமைந்தது கண்டி. கண்டி வாவியும் தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகலைக் காடும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கின்றன. கண்டி வாவியை 1807ஆம் ஆண்டில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்தான். அதற்கு முன்னர் அந்த இடம் வயல். வாவியின் சுற்றளவு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கரையின் பெரும்பகுதியில் பெரிய மரங்களின் நிழல் உண்டு. நீர்க்காகங்களையும் கொக்குகளையும் பார்க்கலாம். கரையில் கபரகொய்யா வெயில் காய்வதைக் கண்டால் சிறுவர்கள் நடந்த களைப்பையே மறந்துவிடுவார்கள். உடவத்தகலை ஏறத்தாழ நூறு ஹெக்டயர் பரப்புள்ள காடு. பிரித்தானியர் காலத்தில், 1856இலேயே ஒதுக்குக் காடாக்கப்பட்டது. அதன் மிக உயர்ந்த இடம் நகரத்திலிருந்து நூறு மீற்றர் அளவே மேலே இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மலை. உம்மம்மாவுக்கு அது ஏறக்கூடிய மேடு.

குருநாகல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நகரத்திலேயே வாவியும் யானைக்கல் எனப்படும் எத்தாகலையும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 316 மீற்றர் உயரமான அந்தப் பாறைக்கு மேலே வரை பாதை போகிறது. நகரத்தைச் சுற்றியுள்ள பாறைகளுக்கு யானை, ஆமை, விலாங்கு என்று பெயர்கள். எந்தப் பாறை எந்த விலங்கைப் போல இருக்கிறது என்று தேடுவதே பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் பத்து மணிக்குப் பிறகு பாறை நன்றாகச் சூடேறிவிடும். எனவே அதிகாலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். மேலே இருப்பது பௌத்தர்களின் வழிபாட்டிடம் என்பதால் அமைதியாகப் போய் வருவது நம் கடமை.

நுவரெலியாவின் கிரகரி வாவி, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873இல் அமைக்கப்பட்டது. அங்கே போவதென்றால் அந்த வாவிக்கரை ஒன்றே ஒரு நாளுக்குப் போதும். ஏப்ரல் மாதத்தில் அங்கே சனநெரிசல் மிக அதிகம். ஹோட்டன் சமவெளிக்குச் சிறு பிள்ளைகளோடு முதல் பயணமாகவே போக வேண்டாம். உலக முடிவு வரை போய்ச் சுற்றி வர ஒன்பது கிலோமீற்றர் அளவு நடக்க வேண்டும். பாதையில் கடைகள் இல்லை. உலக முடிவில் எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துச் சரிவு இருக்கிறது. பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டி, ஐந்து கிலோமீற்றர் நடையை முணுமுணுக்காமல் முடித்த பிறகு அங்கே போகலாம்.

நேரக் கணக்கு

ஸ்கொட்லாந்து நாட்டு மலையேறி ஒருவர், நெய்ஸ்மித் என்பவர், 1892இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் நடக்கலாம். அதோடு 600 மீற்றர் உயரம் ஏறுவதற்கு மேலும் ஒரு மணித்தியாலம் சேர்க்க வேண்டும். அதாவது ஒவ்வொரு நூறு மீற்றர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடங்கள். இது வளர்ந்த, பழகிய மனிதருக்கான கணக்கு. சிறு பிள்ளைகளோடு போகும்போது வரும் விடையை இரண்டால் பெருக்குங்கள் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

உடவத்தகலையில் நாங்கள் நடந்தது ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். அதற்கு 36 நிமிடங்கள். நூறு மீற்றர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடங்கள். மொத்தம் 46. இரண்டால் பெருக்கினால் ஒன்றரை மணித்தியாலம். தண்ணீர் குடிக்க, குரங்கு பார்க்க, சப்பாத்துக் கயிறு கட்ட அரை மணித்தியாலம். ஆக இரண்டு மணித்தியாலம். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போன நாளில்தான் முதன்முறையாக யாரும் யாரையும் "சுருக்கா வா" என்று அதட்டவில்லை.

இதோடு இன்னொன்றையும் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அதுதான் திரும்பும் நேரம். இரண்டு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தால், ஒரு மணித்தியாலம் முடிந்தவுடன் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். 'இன்னும் கொஞ்சம்தான்' என்ற பேச்சு வரும். அப்போது முடிவெடுக்கக் கூடாது. அந்த முடிவு காலையிலேயே எடுத்தாயிற்று.

எங்கள் கண்டிப் பயணத்தின் ஒழுங்கு இதுதான். சுபஹ் தொழுதுவிட்டுக் காலை ஆகாரத்தை வீட்டிலேயே இலேசாக முடித்துக்கொண்டு ஆறரைக்குப் புறப்படுவது. கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகளில் தலை சுற்றுபவர்களை முன் ஆசனத்தில் இருத்துவது. உடல் களைக்கும் முன், வெயில் ஏறும் முன், மேடு. பிறகு நகரத்துக்கு இறங்கி ளுஹர் தொழுகையும் பகல் சாப்பாடும். பெண்களுக்குத் தொழ வசதியுள்ள பள்ளிவாசல் எதுவென்று முன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு வாவிக்கரையில் மெதுவான நடை. அஸருக்குப் பின் புறப்பட்டாலும் மஃரிபுக்கு முன் வீடு சேரலாம். வெள்ளிக்கிழமையில் ஜும்ஆ நேரம் பயணத்தை இரண்டாக வெட்டிவிடும். வேறு நாள் பார்ப்பது நல்லது. போயா தினங்களிலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும் பெரஹரா காலத்திலும் கண்டியில் நெரிசல் அதிகம்; வீதிகளும் மூடப்படும்.

மழையும் இடியும்

தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டும். வடகீழ்ப் பருவக்காற்று டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நாட்டின் கிழக்கையும் வடக்கையும் நனைக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை நேரம் பளிச்சென்று இருக்கும். பிற்பகலில் திடீரென இருண்டு இடியுடன் மழை வரும். அந்த மாதங்களில் பகல் ஒரு மணிக்கு முன் மேட்டிலிருந்து இறங்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

மின்னலைக் கண்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது ஆபத்தான தூரம். கட்டடத்துக்குள் அல்லது மூடிய வாகனத்துக்குள் போய்விட வேண்டும். தனி மரத்தின் கீழோ, திறந்த பாறையிலோ, தண்ணீர் ஓரத்திலோ நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்ட பின்னரும் அரை மணித்தியாலம் பொறுத்திருக்க வேண்டும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடித்தாலும் ஓடையில் தண்ணீர் சட்டென்று பெருகும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

உயரத்துக்கேற்பக் குளிரும் கூடும். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை அளவில் வெப்பம் குறையும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் கொழும்பை விடப் பன்னிரண்டு பாகை அளவு குளிராக இருக்கும். கொழும்பில் வியர்த்துக்கொண்டு வேனில் ஏறும் பிள்ளைக்கு ஸ்வெட்டர் எடுக்க மறப்பது இதனால்தான்.

தண்ணீர் ஓரத்தில்

இந்தப் பகுதியைப் பெற்றோர் இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீரில் மூழ்கும் பிள்ளை திரைப்படங்களில் வருவதுபோல் கையசைத்துக் கத்துவதில்லை. மூச்செடுக்கவே முடியாதபோது கத்துவதற்கு மூச்சு ஏது? ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கரையில் இருப்பவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். எனவே எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. தண்ணீருக்கு அருகில் போனவுடன் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பெடுக்க வேண்டும். "இப்ப நான் பாக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் தொலைபேசியைத் தொடக் கூடாது. சாப்பாடு பரிமாறக் கூடாது. இருபது நிமிடத்தில் களைத்துவிட்டால் அடுத்தவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சிறியவர்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நம் நாட்டுக் குளங்கள் பெரும்பாலும் மனிதர் கட்டியவை. கட்டின் உள்பக்கக் கற்களில் பாசி வழுக்கும். மதகின் அருகில் ஆழம் சட்டென்று கூடும். நீரின் இழுவையும் இருக்கும். வான் பாயும் இடம் பார்ப்பதற்கு அழகு, நிற்பதற்கு ஆபத்து. வரண்ட வலயக் குளங்களில் முதலைகளும் உண்டு. ஊரவர்கள் எங்கே குளிக்கிறார்கள், எங்கே குளிப்பதில்லை என்று விசாரியுங்கள். கண்டி, நுவரெலியா போன்ற நகர வாவிகள் நடப்பதற்கும் பார்ப்பதற்கும்தான். கண்டியில் வாவியின் சுவர் தாழ்வானது. மறுபக்கத்தில் வாகனங்கள் ஓடும் வீதி. இரண்டுக்கும் நடுவே நடக்கும் பிள்ளையின் கை நம் கையில் இருக்க வேண்டும்.

யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் நீந்தப் பழகாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. ஒரு உயிருக்கு இரண்டு உயிர் போவது அப்படித்தான். கம்பையோ, குடையையோ, முறுக்கிய சால்வையையோ தரையில் படுத்துக்கொண்டு நீட்டலாம். மூடிய வெற்றுப் போத்தலையோ கேனையோ மிதப்பதற்கு எறியலாம். கரைக்கு எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கித் தண்ணீர் வடிப்பதில் நேரத்தை வீணாக்கக் கூடாது. மூச்சு இல்லாவிட்டால் செயற்கைச் சுவாசத்தையும் நெஞ்சை அழுத்துவதையும் உடனே தொடங்க வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். பாடசாலையில் முதலுதவி வகுப்பு நடக்கும்போது பின்வரிசையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்த நானே, அந்தக் குளத்தடி நாளுக்குப் பிறகு முன்வரிசைக்கு வந்தேன்.

மேட்டுப் பாதையில்

உடுப்பைப் பற்றி மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. அபாயாவோடு மேடு ஏற முடியாது என்று சிலர் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏறலாம். நிலத்தைத் தொடும் நீளம் வேண்டாம். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கட்டும். கீழ்ப்பக்கம் அகலமாக இருக்கட்டும். உள்ளே நீளக் கால்சட்டை அணிந்து அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கறுப்பை விட வெளிர் நிறத்தில் சூடு குறைவு. அட்டை ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். பாதணி புதிதாக இருக்கக் கூடாது. பாடசாலைக்குப் போட்டுப் பழகிய விளையாட்டுச் சப்பாத்தே நல்லது.

மழை பெய்த பின் உடவத்தகலையில் அட்டைகள் நிறைய வரும். பயப்பட ஒன்றுமில்லை. கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிவிடலாம். சவர்க்காரமோ உப்போ பட்டாலும் விட்டுவிடும். அதன் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதால் சிறிது நேரம் இரத்தம் வடியும். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

குரங்குகளுக்கு முன்னால் சாப்பாட்டுப் பையைத் திறக்க வேண்டாம். பையின் சரசரப்பே அவற்றுக்கு அழைப்பு மணி. மரத்திலோ பாறையிலோ குளவிக் கூடு கண்டால் கல்லெறியாமல், கத்தாமல் விலகிப் போக வேண்டும். கூட்டமாகவே நடக்க வேண்டும். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடையின் வேகத்தைத் தீர்மானிப்பது நடுவில் நடக்கும் ஆகச் சிறியவர். பிள்ளை தன் பையைத் தானே சுமக்கட்டும். ஆனால் அது அதன் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் ஒரு விசில். வழி தவறினால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

சாப்பாடும் வேலையும்

இதுதான் எங்கள் வீட்டில் மிகக் கடினமாக மாறிய பகுதி. "சோறு இல்லாத ட்ரிப்பா?" என்று சாச்சா கேட்டார். முன்பு ஒரு இரவு முழுவதும் எடுத்த சமையலை இப்போது முக்கால் மணித்தியாலத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிக்கிறோம். ராத்தா முட்டை அவிப்பார். நான் பணிசுக்குள் சீனிச் சம்பல் வைப்பேன். வாப்பா வாழைப்பழமும் கச்சானும் வாங்கி வருவார். தம்பி போத்தல்களுக்குத் தண்ணீர் நிரப்புவான். ஆளுக்கு ஒரு லீற்றர். பகலுக்கு நகரத்துக் கடையில் சோற்றுப் பார்சல். குப்பையைப் போட ஒரு பை. அது வீட்டுக்குத் திரும்பி வரும். ஹோட்டன் சமவெளி வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுகிறார்கள். யாரும் சோதிக்காத இடத்திலும் நாம் அதையே செய்ய வேண்டும்.

பார்த்துக்கொள்ள அண்டாவும் அடுக்குச் சட்டியும் இல்லாததால் உம்மாவும் எங்களோடு நடந்தார். முதல் முறை காட்டின் நடுவிலுள்ள குளத்தடியில் தம்பி "கால் நோகுது" என்று உட்கார்ந்துவிட்டான். நேரத்தைப் பார்த்தோம். திரும்பும் நேரத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உம்மா, "போதும், திரும்புவோம்" என்றார். மேட்டின் உச்சியை நாங்கள் அன்று பார்க்கவில்லை. ஆனால் வேனில் ஏறியவுடன் தம்பி கேட்ட கேள்வி, "அடுத்தது எப்ப?" என்பதுதான். ஐந்து இடம் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பிய எந்த நாளிலும் அவன் அப்படிக் கேட்டதில்லை.

அன்று எடுத்த படம் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதில் உம்மம்மா ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். தம்பியின் ஒரு காலுறை சேறு. அவன் தோளைப் பிடித்தபடி உம்மா நிற்கிறார்.

அடுத்த விடுமுறைக்கு இடம் தெரிவு செய்யும் பொறுப்பை உம்மாவிடமே கொடுத்தோம். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்கள் உம்மா கிரகரி வாவி என்றார். "அங்க ஏற்கெனவே போயிருக்கிறோமே" என்றேன்.

"நீங்க போனீங்க" என்றார் உம்மா. "நான் வேன்லதானே இருந்தேன்."